உரக்கச் சொல்ல இயலாதவை

என் கொழுந்தனார் கணியூரிலிருந்து எங்களைச் சமாதானப்படுத்துவதற்காக வந்து இறங்கிய காலைப்பொழுது இப்போதும் கண்முன் நிற்கிறது. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை வாசலிலேயே தழையவிட்டு, துக்கம் விசாரிக்க வருபவரைப் போலத் தலைகுனிந்து உள்ளே நுழைந்தார்.

எனக்கும் என் துணைவருக்கும் இடையே அன்று பிணக்கு ஏதும் இல்லை. அதற்கு முந்தைய நாளும் இல்லை.

“வாங்க, உக்காருங்க. இத்தன வெடியால பஸ் ஏறி வந்திருக்கீங்க. என்ன சமாச்சாரமுங்க?” என்றேன்.

“ஒண்ணுமில்லீங்க அண்ணி. சும்மா பாத்துட்டுப் போலாமுன்னு.” பழத்தை மேசைமேல் வைத்தார். மறுபடியும் எடுத்து வேறோர் இடத்தில் வைத்தார். “அண்ணனும் நீங்களும் பேச்சு வார்த்த இருக்குதுங்களா?”

“பேச்சு வார்த்த இல்லாம என்னங்க?”

“இல்லீங்க, பேச்சுத்தான் கொஞ்சம் சாஸ்தியாயிருச்சுன்னு சொன்னாங்க.”

“ஆருங்க சொன்னது?”

“ஆரு சொன்னா என்னுங்க. இந்த வீதிக்குப் பொண்ணு குடுத்த சனம் எங்கூர்ல இருக்குதுங்களே. டீச்சரம்மா இந்த வயசுல அண்ணன அந்தக் கத்துக் கத்தறாங்களாம். பாவம், மனுசன் ஒரு வார்த்த எதுத்துப் பேசறதில்லையாம்.”

அடுக்களையில் நின்றிருந்த என் மருமகள் திவ்யா, சிரிப்பை மறைக்கக் குழாயைத் திறந்துவிட்டாள்.

எதிர்த்துப் பேசாததன் காரணம் எளியது. என் துணைவருக்குக் காது கேட்பதில்லை. பின்னல் எந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர் அவர். செவித்திறன் ஒரே நாளில் போகவில்லை. கோடைக்காலத்துக் கிணற்று நீரைப் போல, பார்க்கப் பார்க்கத் தெரியாமல், கீழிறங்கிக்கொண்டே போயிற்று.

இதைக் கொழுந்தனாரிடம் விளக்கினேன். “காது மந்தமுன்னு தெரியுமுங்க அண்ணி. அதுக்காக…” என்று இழுத்தார். அந்த ‘அதுக்காக’வுக்குப் பின்னால் ஊரே நின்றுகொண்டிருந்தது.

அந்நேரம் என் துணைவர் புழக்கடையிலிருந்து வந்தார். தம்பியைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார். “என்னடா, பஞ்சாயத்துப் பண்ண வந்தியா?” என்று நகைத்துக்கொண்டே கேட்டார்.

தம்பி மெல்லிய குரலில் மறுத்தார். இவர் கையைச் செவியருகே குவித்தார். தம்பி சற்றுக் குரலுயர்த்தினார். பயனில்லை. இறுதியில் எழுந்து நின்று, கழுத்து நரம்பு புடைக்க, “இல்லீங்கண்ணா! சும்மா வந்தனுங்க!” என்று கூவினார்.

எதிர்வீட்டுச் சன்னல் திறந்தது.

என் துணைவர் அந்தச் சன்னலை நோக்கினார். பிறகு என்னை நோக்கினார். சிரிப்பு மெல்ல முகத்திலிருந்து இறங்கியது. நடந்தது அனைத்தும் அவருக்கு விளங்கிவிட்டது என்பதை அக்கணமே அறிந்தேன்.

முகம் பாராத உரையாடல்

பல்லடம் சாலையில் அருள்புரத்தை ஒட்டி அமைந்த வீதி எங்களுடையது. வெளியூரார்க்கு ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பேச்சில் குரல் உயர்வது பெருங்குறை. கடன்காரரிடம் பேசினாலும் ‘ங்க’ ஒட்டிக்கொண்டுதான் வரும். மனைவி கணவரிடம் உரத்துப் பேசினாள் என்றால், பேசிய பொருள் என்னவென்று எவரும் வினவமாட்டார்கள்.

நான் பேசிய பொருள்களோ இவை: வெந்நீர் ஆறுகிறது. மாத்திரை சாப்பிட்டாயிற்றா? குடையை எடுத்துச் செல்லுங்கள். வீதியில் கேட்டவர்களுக்குச் சொற்கள் தெளிவாக எட்டவில்லை. குரலின் சூடு மட்டும் எட்டியது.

திருமணமான புதிதில் நான் அவரிடம் பேசிய முதல் சொற்கள் ஒரு கதவை நோக்கிச் சொல்லப்பட்டவை. மாமியார் மாமனார் நடுவே கணவரின் முகத்தைப் பார்த்துப் பேசும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. நான் அடுக்களைக் கதவைப் பார்த்து, “வேட்டி துவைக்கோணுமுங்களா?” என்பேன். அவர் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டு, “உம்” என்பார்.

பெரியவர்கள் காலம் முடிந்த பின்னும் அப்பழக்கம் மாறவில்லை. கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு நான் திரும்பியதும், அவர் பனியன் கம்பெனியிலிருந்து தலைமுடியெல்லாம் பஞ்சுத் துகளோடு வந்ததும், எங்கள் பேச்சு தொடங்கும். நான் அடுப்புக்கு முகம் காட்டி நிற்பேன். அவர் அடுத்த அறையில் நாற்காலியில் சாய்ந்திருப்பார். இடையில் ஒரு சுவர்.

அச்சுவரைத் தாண்டி எத்தனை பேச்சு! கல்லூரி முதல்வர் அம்மையார் என் விடுப்பை மறுத்தது, சாயப்பட்டறைக்காரர் நிறம் மாற்றி அனுப்பிய துணி, யார் வீட்டுச் சீர்வரிசையில் யார் முகம் சுளித்தார்கள் என்பது. நான் குரல் தாழ்த்தி ஒருவரைப் பகடி செய்வேன். ஒரு நொடி கழித்து அடுத்த அறையில் அவருடைய நாற்காலி குலுங்கும். அவர் ஓசையில்லாமல் சிரிப்பவர். நாற்காலியின் கிறீச்சொலியே அவருடைய சிரிப்பு.

அவ்வொலி எப்போது நின்றது என்று எண்ணிப் பார்க்கிறேன். நினைவுக்கு வரவில்லை. ஒரு நாள் நான் ஏதோ சொல்லிவிட்டு அதற்காகக் காத்திருந்தேன். குழம்பு கொதிக்கும் ஓசை மட்டும் கேட்டது.

தமிழில் மெல்லப் பேசுவதற்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன! முணுமுணுத்தல், கிசுகிசுத்தல், காதோடு சொல்லுதல், நாவுக்குள் சொல்லுதல். இல்லறத்தின் பெரும்பகுதி இச்சொற்களுக்குள் அடங்கிவிடும். கேலியையும் ஊடலையும் விருந்தினர் எப்போது போவார் என்னும் வினாவையும் உரக்கச் சொல்ல முடியுமா? வெந்நீர் ஆறுவதை உரக்கச் சொல்லலாம். அதை மட்டுமே சொல்லிக்கொண்டு ஒரு வாழ்க்கையை நடத்த இயலாது.

ஆடி கழியட்டும்

கொழுந்தனார் உணவருந்திவிட்டு விடைபெற்றார். அன்று மாலை என் துணைவர் என்னை அழைத்தார். தனிமையில் அவர் என்னை அம்மிணி என்றுதான் அழைப்பார்.

“அம்மிணி, ஒரு சுடுசொல் பேசாதவன்னு ஊருக்குள்ள பேரெடுத்தவ நீ. எனக்காகக் கத்திக் கத்தி அந்தப் பேரக் கெடுத்துக்க வேண்டாம். முதலிபாளையத்துல கம்பெனி ரூம் சும்மாதான கெடக்குது? கட்டில அங்க போட்டுக்கறன். மெஸ்ஸுல சோறு வந்துரும். ஆடி கழியட்டும், வண்டி சொல்லிக்கலாம்.”

முதலிபாளையம் தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் பனியன் கம்பெனியை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். அதன் மாடியில், நூல் மூட்டைகளுக்குப் பக்கத்தில், ஓர் அறை உண்டு.

நான் மறுமொழி கூற வாய் திறந்தேன். எதிர்வீட்டுச் சன்னல் திறந்தே இருந்தது. போக வேண்டாம் என்பதை அவர் செவியில் விழும்படிச் சொல்ல வேண்டுமானால் அவ்வீதி முழுவதும் விழும்படிச் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டேன்.

அவர் தலையசைத்தார். என் மௌனத்தை இசைவு என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் போனால் நான் எவ்வாறு இருப்பேன் என்பதைப் பற்றி ஏறத்தாழ ஒரு பக்கம். நிறுத்தி நிதானமாகப் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “எழுத்துல நீ எப்பவுமே கெட்டிக்காரிதான்” என்றார். காலமெல்லாம் மேடையில் வாழ்த்துரை எழுதிப் படித்தவளின் எழுத்துக்கு வீட்டில் கிடைத்த மதிப்பு அவ்வளவுதான்.

அதன்பின் நான் குரலை உயர்த்தவில்லை. தெருப்பக்கச் சன்னலைச் சாத்தி வைத்தேன். வேண்டியதைச் சைகையில் காட்டினேன். திவ்யாவோ மாமனார் முன் நின்று பேசும் வழக்கமே இல்லாதவள். அவளுக்கு ஏதேனும் சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் சொல்வாள், நான் அவரிடம் சேர்ப்பேன். மகனும் அவ்வாறே. வீட்டின் எல்லாச் செய்திகளும் என் தொண்டை வழியாகவே போய்வந்தன. இப்போது அவ்வழியும் அடைபட்டுவிட்டது.

வீடு அமைதியாயிற்று. வீதி மனநிறைவடைந்திருக்கும். ஆடிக்காற்று மட்டும் தகரக் கூரைகளைத் தட்டிக்கொண்டு திரிந்தது.

மாடியில் ஒரு கூட்டம்

செவித்துணைக் கருவியை எங்கள் பக்கத்தில் காது மிஷின் என்பார்கள். என் துணைவரிடமும் ஒன்று உண்டு. மகன் வாங்கித் தந்தது, பெட்டியோடு இழுப்பறையில் கிடந்தது. “அத மாட்டுனா தட்டு விழுகற சத்தமெல்லாம் தலைக்குள்ள விழுகுது” என்று ஒதுக்கிவிட்டார். அதைச் சரிபார்க்க எடுத்துச் சென்ற திவ்யா, ஒரு செய்தியோடு திரும்பினாள்.

“அத்த, அந்த கிளினிக்கு மாடியில மாசம் ஒருக்கா கூட்டம் போடறாங்களாம். காது கேக்காதவங்களுக்கு இல்லீங்க, அவங்களப் பாத்துக்கற ஊட்டுக்காரங்களுக்கு. போலாங்களா?”

“எனக்கென்ன கேடு? என் காது நல்லாத்தானே இருக்குது?”

“உங்க தொண்ட நல்லா இல்லீங்களே, அத்த.”

அவளுடைய ஸ்கூட்டரின் பின்னால் அமர்ந்து, ஒரு கையால் புடவையையும் மறுகையால் அவள் தோளையும் பற்றிக்கொண்டு போனேன்.

சிறிய கூடம். நெகிழி நாற்காலிகள். கீழே தேநீர்க் கடையில் வெங்காயப் போண்டா வேகும் மணம். கூட்டத்தை நடத்தியவள் நிவேதா என்னும் இளம்பெண். செவித்திறனைச் சோதிக்கும் பணியில் இருப்பவள். எல்லாரும் அமர்ந்ததும் முதலில் என்னிடம்தான் கேட்டாள்: “அம்மா, நீங்க எப்படி இருக்கீங்க?”

“அவருக்கு வலது காது ஓரளவுக்கு…” என்று தொடங்கினேன்.

“அவரக் கேக்கலீங்கம்மா. உங்களக் கேட்டனுங்க.”

மாணவியர்க்கு அன்றாடம் வினா தொடுத்து வாழ்ந்தவள், அத்தனை எளிய வினாவின் முன் விழித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் துளிர்த்தது. அதை எவரும் பெரிதுபடுத்தவில்லை. அவ்வறையில் அது வழக்கம் போலும்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் சாமுவேல். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்து, ஆடைகளைத் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்பவர். தாயாரை உடன் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். வீதியார் எங்களைச் சண்டைக்காரர் ஆக்கிய கதையை நான் சொன்னதும் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

“எங்க பக்கம் நேர்மாறுல்லா! எங்க வீட்ல எல்லாருமே கத்தித்தான் பேசுவோம். அம்மைக்குக் காது போயி ரெண்டு மூணு வருசம் கழிச்சுத்தான் எங்களுக்கே தெரியும். அதுவரைக்கும் ஒரு வித்தியாசமும் தெரியலயே!”

கூடமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவரே தொடர்ந்தார். “இப்பம் அம்ம சர்ச்சுக்கு வர மாட்டுக்கா. பாட்டு கேக்கலன்னா அங்க எனக்கு என்னல வேலைங்கா. ஞாயித்துக்கெழம நானும் போகல. ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருக்கோம்.”

எவரும் அவருக்கு அறிவுரை சொல்லவில்லை. ஒருவர் தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்தினார்.

என் முறை வந்தபோது முதலிபாளையத்து அறையைப் பற்றிச் சொன்னேன். ஆடி முடிய இன்னும் சில நாட்களே இருப்பதையும் சொன்னேன். நிவேதா என் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, நீங்க பேசறப்ப அவரு எங்க இருப்பாருங்க?”

“அடுத்த ரூமுலீங்க.”

“நீங்க?”

“அடுப்பப் பாத்துக்கிட்டு.”

“நேருக்கு நேரா உக்காந்து பேசுனது?”

திவ்யா களுக்கென்று சிரித்தாள். “எங்க ஊட்டுல பொண்ணு பாக்கற அன்னிக்குக்கூட ஒழுங்கா மூஞ்சியப் பாக்க மாட்டாங்க மேடம்.”

நிவேதா இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டாள். என்னையும் திவ்யாவையும் அமரவைத்தாள். முழங்கால்கள் முட்டும் அளவு நெருக்கம். வெளிச்சம் பேசுபவர் முகத்தில் விழ வேண்டும் என்றாள். மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட வேண்டும், கருவியை நாள்தோறும் சிறிது நேரமாவது அணிந்து பழக வேண்டும், வீட்டார் அனைவரும் நேரடியாகவே அவரிடம் பேச வேண்டும், ஒருவரே சுமக்கக் கூடாது என்றாள். பிறகு சொன்னாள்:

“முக்கியமா, கத்தாதீங்க. கத்துனா உதடு கோணிக்கும், அவருக்கு ஒண்ணும் புரியாது. வார்த்த கேக்காதவங்களுக்கு மூஞ்சிதான் பேச்சு. நீங்க ‘சாப்புட வாங்க’ன்னு கத்துனாலும், அவரு பாக்கறது கோவமா ஒரு மூஞ்சிய.”

வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே எண்ணிக்கொண்டு வந்தேன். வீதியார் சன்னலுக்கு அப்பாலிருந்து குரலை மட்டும் கேட்டார்கள். அவர் அறைக்குள்ளிருந்து முகத்தை மட்டும் பார்த்தார். இரு சாராரும் கோபம் ஒன்றையே கண்டிருந்தார்கள். ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி மட்டுமா அவர் கட்டிலைத் தூக்கத் துணிந்தார்?

வண்டி வந்த காலை

அறிந்துகொண்ட பின்னும் சில நாட்களை வீணே கழித்தேன். கணவர் எதிரே நாற்காலி போட்டு அமர்வது, எழுதும்போது எளிதாகத் தோன்றலாம். திவ்யா குறுக்கும் நெடுக்கும் நடக்கிறாள், வேலைக்காரப் பெண் வருகிறாள், மகன் கைப்பேசியோடு நிற்கிறான். என் வயதும் என் படிப்பும் அந்த நாணத்தைப் போக்கவில்லை.

ஆடி கழிந்தது. ஆவணியில் ஒரு நல்ல நாளில், சிறிய சரக்கு வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் இளைஞர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, “கட்டில் மட்டுந்தானுங்களா? பீரோ எதாச்சுமுங்களா?” என்று கேட்டார். என் துணைவர் சட்டை மாற்றிக்கொண்டு, பையை எடுத்து வந்தார். இரண்டு வேட்டி, சவரப் பெட்டி, நெற்றிக்கு இட்டுக்கொள்ளும் திருநீறு.

நான் முன்னறைக்கு நடுவில் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டேன். மின்விசிறியை நிறுத்தினேன். அறை இருண்டிருந்தது. வெளிச்சம் வர வேண்டுமானால் தெருப்பக்கச் சன்னலைத் திறந்தாக வேண்டும். திறந்தேன். எதிர்வீட்டு அம்மையார் அங்கேதான் நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நின்றால் நிற்கட்டும்.

இழுப்பறையிலிருந்து செவித்துணைக் கருவியை எடுத்து அவர் முன் நீட்டினேன். என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன தோன்றிற்றோ, வாங்கிச் செவியில் பொருத்திக்கொண்டார். நாற்காலியைக் காட்டினேன். அமர்ந்தார். எதிரே நான் அமர்ந்தேன்.

“என்ன அம்மிணி, பொண்ணு பாக்க வந்தாப்புல உக்கார வெச்சிருக்கே?” என்றார்.

நான் கூற வேண்டியவற்றை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அவற்றை விட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடப்புருவத்தின் ஓரத்தில் ஒரு சிறு வடு இருந்தது. அது எப்போது பட்டது? இமைகள் தளர்ந்து, கண்ணின் ஓரம் சற்று ஈரமாக இருந்தது. என் உதடுகளையே நோக்கிக்கொண்டிருந்தார். இத்தனை ஆண்டுகளில் நான் பேசத் தொடங்கும் முன்பே ஒருவர் இவ்வளவு கூர்ந்து காத்திருந்ததில்லை.

“போகாதீங்க” என்றேன்.

அடுப்படியில் நின்று பேசிய அதே குரலில். உப்பு எடுத்துத் தாருங்கள் என்று கேட்கும் குரலில்.

அவர் அசையவில்லை. முகத்தில் எதுவும் மாறவில்லை. வாசலில் கயிறு தரையில் விழும் ஓசை கேட்டது.

“இன்னொருக்கா சொல்லு” என்றார்.

முதன்முறை அவர் செவிக்கு எட்டவில்லையா, அல்லது எட்டியதை மீண்டும் பெற விரும்பினாரா என்பதை நான் அறியேன். பின்னர் வினவவும் இல்லை. குரலை ஓர் இழைகூட உயர்த்தாமல் மீண்டும் சொன்னேன்.

அப்போது திவ்யா ஒன்று செய்தாள். மாமனார் முன் நின்றே பேசியறியாத பெண், என் நாற்காலிக்கு அருகில் வந்து மண்டியிட்டு, அவர் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்து, மெதுவாகக் கேட்டாள்.

“மாமா, வண்டிய அனுப்பீரட்டுங்களா?”

அவர் அவளை வியப்போடு பார்த்தார். மருமகளின் முகத்தை அன்றுதான் முழுமையாகக் கண்டார் என்று நினைக்கிறேன்.

“அனுப்பீரு கண்ணு. பையனுக்கு ஒரு டீ குடுத்து அனுப்பு.”

எஞ்சியிருப்பது

இப்போது மாலைதோறும் நாங்கள் எதிரெதிரே அமர்கிறோம். திவ்யா நேரடியாகவே அவரிடம் வழக்காடுகிறாள். மாதக் கூட்டத்துக்கு நான் தவறுவதில்லை. சாமுவேலின் தாயார் ஒரு முறை உடன் வந்து, முறுக்கு கொடுத்துவிட்டுப் போனார்.

ஆனால் சுவருக்கு அப்பாலிருந்து நடந்த அந்தப் பழைய பேச்சு திரும்பி வரவில்லை. இனி வராது. அடுப்பைப் பார்த்துக்கொண்டு நான் சொல்பவை அடுப்புக்கு மட்டுமே உரியவை. கருவியைக் கழற்றி வைத்து விளக்கையும் அணைத்துவிட்டால் எங்களுக்குள் சொல் இல்லை.

அவ்வேளையில்தான் எனக்கு ஏதாவது சொல்லத் தோன்றுகிறது. பெரிதாக ஒன்றுமில்லை. யாரோ எங்கோ சொன்ன ஒன்று, அவரைச் சிரிக்கவைக்கக் கூடிய ஒன்று. அதை நாவிலேயே வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். விடிந்து, சன்னலைத் திறந்து, அவர் எதிரே போய் அமர்வதற்குள் பாதி மறந்துவிடுகிறது. மீதிப் பாதியைச் சொல்கிறேன்.